பழைய ஜன்னலைக் கழற்றும் முன்
எளாவூர் வட்டார வீடுகளுக்கு நடுத்தர விலை யுபிவிசி ஜன்னல்: ஓர் ஆய்வு

எளாவூரிலும் கும்மிடிப்பூண்டியைச் சுற்றிய ஊர்களிலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் ஜன்னல்கள் ஓய்ந்துவிட்டன. நாட்டு மரத்தில் செய்த நிலையின் அடிக்கட்டையைக் கரையான் அரித்திருக்கிறது. ஐப்பசி மழையில் ஊதிய கதவு தை பிறக்கும்வரை சாத்த வராது. இரும்பு ஜன்னல் வைத்தவர்கள் வீட்டில் கீலும் கொக்கியும் துருவேறி நிற்கின்றன. மாற்றுவது என்று முடிவானதும் கொத்தனாரும் கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: யுபிவிசி. வெளிநாட்டில் வினைல் ஜன்னல் என்று விற்கும் பிளாஸ்டிக் ஜன்னல்தான் இது.

மலிவானதும் வேண்டாம், உச்ச விலையும் முடியாது என்று நினைக்கும் குடும்பம் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? பெரும்பாலானோர் எந்தக் கம்பெனி என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நடுத்தர விலையில் கம்பெனிப் பெயரை விட மூன்று காரியங்கள் முக்கியம். சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பு ஒன்று. சுவரில் அதைப் பொருத்தும் கைவேலை இரண்டாவது. ஒவ்வொரு ஜன்னலையும் அது பார்க்கும் திசைக்கேற்பத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பெயருக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த ஊரில் ஜன்னலுக்கு என்ன வேலை

எளாவூர் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலை 16 இவ்வழியே செல்கிறது. எல்லைச் சோதனைச் சாவடியும் இங்கேதான். சென்னை–கூடூர் ரயில் பாதையில் எளாவூருக்கு நிலையம் உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக்கடல். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகளும் வார்ப்பாலைகளும் இயங்குகின்றன.

ஆகவே இங்கே ஜன்னல் லாரி இரைச்சலைத் தடுக்க வேண்டும். புழுதியையும் கொசுவையும் உள்ளே விடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைச் சாரலையும் புயல் காற்றையும் தாங்க வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது. இத்தனையும் செய்துகொண்டே பிற்பகலில் கிழக்கேயிருந்து வரும் கடற்காற்றை வீட்டுக்குள் விட வேண்டும். குளிர்நாடுகளுக்காக எழுதப்படும் ஜன்னல் வழிகாட்டிகள் வீட்டுச் சூடு வெளியே போகாமல் காப்பதையே முதலில் பேசும். அந்த அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் செலவு தவறான இடத்தில் விழும்.

மரமா, அலுமினியமா, யுபிவிசியா

பழைய ஜன்னல் தேக்காக இருந்து, நிலை உறுதியாகவும் இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். நல்ல ஆசாரியிடம் கொடுத்துக் கதவை இழைத்து, கீலை மாற்றி, வார்னிஷ் அடித்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். கரையான் நுழைந்த நாட்டு மரத்துக்கு இது பொருந்தாது.

அலுமினியம் துருப்பிடித்து உதிராது, கரையானும் அண்டாது. ஆனால் நடுத்தர விலையில் கிடைக்கும் அலுமினிய ஸ்லைடிங் பெரும்பாலும் மெல்லிய சட்டம். அதன் மூலைகள் திருகாணியால் பூட்டப்படுவதால் நாளடைவில் ஆட்டம் கண்டு அங்கே நீர் கசியும். வெப்பத்தையும் அது வேகமாகக் கடத்தும். தடித்த அலுமினிய ஜன்னல் மிக நல்லது. ஆனால் விலை வேறு தளத்துக்குப் போய்விடும்.

யுபிவிசி ஜன்னல் ஜெர்மனியில் 1950களில் உருவானது. இந்தியாவில் 2000க்குப் பிறகே பரவலானது. கரையான் தின்னாது, உப்புக்காற்று தீண்டாது, பெயின்ட் வேண்டாம். மூலைகளைச் சூடேற்றி உருக்கி ஒட்டுவதால் சட்டம் முழுவதும் ஒரே துண்டாகிவிடும். இதன் குறைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. பிளாஸ்டிக்குக்குத் தனியே விறைப்பு போதாது. வெயிலில் அலுமினியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும்: ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். 75, 80 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கும். வெயில் படும் பக்கத்தில் வெள்ளைச் சட்டம் வைக்கச் சொல்வது இதனால்தான். மரநிறத் தாள் ஒட்டிய அடர்நிறச் சட்டம் வெள்ளையை விட அதிகம் சூடேறும். அதை நிழல் விழும் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சட்டத்துக்குள் இருப்பது

ஒரு யுபிவிசி ஜன்னலின் தரத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் வெள்ளையாக, பளபளப்பாகத்தான் இருக்கும். கடையில் சட்டத்தின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிச்சுவரின் கனம் தெரியும். உள்ளே எத்தனை அறைகள் என்று தெரியும். இரும்பு இருக்கிறதா என்றும் தெரியும்.

ஐரோப்பியத் தரநிர்ணயமான இஎன் 12608 வெளிச்சுவர்க் கனத்தை வைத்துச் சட்டங்களைப் பிரிக்கிறது: குறைந்தது 2.8 மி.மீ. இருந்தால் ‘ஏ’ வகுப்பு, 2.5 மி.மீ. இருந்தால் ‘பி’. ‘சி’ வகுப்புக்குக் குறைந்தபட்சக் கனமே இல்லை. வீட்டு ஜன்னலுக்கு ‘ஏ’ அல்லது ‘பி’ போதும். அதே தரநிர்ணயம் கடும் வெயில் பகுதிகளுக்கு ‘எஸ்’ என்று தனிக் குறி வைத்திருக்கிறது. நம் ஊருக்கு அதுவே வேண்டும். வெயிலில் மஞ்சளித்து நொறுங்காமல் காப்பது கலவையில் சேரும் டைட்டானியம் டைஆக்சைடு. மலிவுச் சட்டத்தில் அது குறைந்து சுண்ணாம்புத்தூள் கூடியிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023இல் யுபிவிசி ஜன்னல் சட்டங்களுக்கு ஐஎஸ் 17953 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. இந்த இரண்டில் எதற்கு உட்பட்ட சட்டம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். பிவிசி சூட்டில் சிதையாமலிருக்க முன்பு ஈயம் கலந்தார்கள். இப்போது கால்சியம்–துத்தநாகக் கலவை கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிவிசி பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்திய அரசு 2021இல் கொண்டுவந்த ஈய விதிகள் பிவிசி குழாய்களுக்கானவை. எனவே ஜன்னல் விஷயத்தில் ஈயமில்லாச் சட்டம் வேண்டுமென்று கேட்கும் பொறுப்பு வாங்குபவருடையது. வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தெருவோரம் போட்டுக் கொளுத்தவும் விடாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் போன்ற நச்சுகளும் வெளிவரும். துண்டுகளைத் திரும்ப எடுத்துப்போவது வேலையின் பகுதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்து இரும்பு. சட்டத்தின் நடுக்குழிக்குள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை செருகியிருக்க வேண்டும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அதுவே. கட்டடங்களின் மீது காற்று தரும் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875, சென்னைக் கடற்கரைப் பகுதிக்கு நொடிக்கு 50 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாக வைக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். நாலுக்கு நாலு அடி ஜன்னலின் மேல் அது 225 கிலோ அளவுக்கு வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. இரும்பில்லாத சட்டம் அந்தக் காற்றில் வில்லாக வளையும், கண்ணாடி தெறிக்கும். ஜன்னல் வந்திறங்கியதும் வலுவான காந்தம் ஒன்றைச் சட்டத்தின் நான்கு பக்கமும், ஒவ்வொரு கதவின் நான்கு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். இரும்பு உள்ள இடத்தில் ஒட்ட முனையும். சில இடத்தில் மட்டும் செருகிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கீல், ரோலர், பூட்டு, திருகாணி ஆகியவை கடைசி அங்கம். உப்புக்காற்றில் முதலில் கெடுவது இவைதான். கதவைக் கீலில் விரித்துத் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னலின் தாங்குகம்பிகளும் வெளியே தெரியும் திருகாணிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஏரிக்கரை ஊர்களில் இந்த ஒரு செலவைச் சுருக்கவே கூடாது.

வெயில் கணக்கு

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்ட டபுள் கிளாஸ் போட்டால் ஏசி இல்லாமலே வீடு குளிரும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். வெளியே 38 டிகிரி, உள்ளே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 டிகிரி வித்தியாசத்தால் ஒற்றைக் கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு 46 வாட் வெப்பம் உள்ளே வரும். டபுள் கிளாஸில் 22 வாட். மிச்சம் 24 வாட். அதே நேரத்தில் மேற்கு ஜன்னலில் 500 வாட் நேர்வெயில் அடித்தால், சாதாரணக் கண்ணாடி அதில் 400 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். தெளிந்த டபுள் கிளாஸும் 350க்கு மேல் விடும்.

வெப்பம் வருவது வெயிலால். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் மலிவான, முழுமையான வழி. தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து அடிப்பதால் சன்ஷேடு மட்டும் உதவாது. மேற்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி, வெளித்திரை, இடமிருந்தால் ஒரு புங்கமரம் என்று செங்குத்தான நிழல் வேண்டும். நிழலுக்கு வழியே இல்லாத மாடி ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியைக் கேட்கலாம். அது நேர்வெயிலைப் பாதிக்கு மேல் குறைக்கும். பெரும்பாலான நேரம் ஏசி ஓடும் அறையென்றால் டபுள் கிளாஸுக்குப் பொருள் உண்டு. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியில் காலம் தள்ளும் அறைக்கு அது தேவையில்லை.

திறக்கும் விதம்

யுபிவிசி வாங்குபவர்களில் பெரும்பாலோர் வீடு முழுக்க ஸ்லைடிங் போட்டுவிடுகிறார்கள். விலை குறைவு, திறந்த கதவு இடத்தை அடைக்காது, கிரிலுக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நம் கடற்கரை மாவட்டங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்லைடிங் ஜன்னலில் 50 சதவீதமும் கேஸ்மென்டில் 90 சதவீதமும் திறந்த பரப்பாக அந்த விதித்தொகுப்பு கணக்கிடுகிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் 20 சதுர அடி திறப்பு வேண்டும். நாலுக்கு நாலு ஸ்லைடிங் இரண்டு வைத்தாலும் 16 சதுர அடிதான் தேறும். கேஸ்மென்ட் இரண்டு வைத்தால் ஏறக்குறைய 29. பழைய மர ஜன்னலில் நான்கு கதவும் விரியத் திறந்து காற்று வாங்கிய அறை, ஸ்லைடிங் மாற்றியதும் புழுங்குவதற்கு இதுவே காரணம். மின்சாரம் போன இரவில் இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும்.

மழைக்கும் கேஸ்மென்டே மேல். கதவைச் சாத்தும்போது ரப்பர் நாலாபுறமும் அழுந்தும். பல இடங்களில் பூட்டும். ஸ்லைடிங்கில் கதவு நகர வேண்டியிருப்பதால் இடைவெளியைத் தூரிகைபோன்ற இழைப்பட்டைதான் அடைக்கிறது. புயல் சாரலில் தண்டவாளக் குழியில் நீர் சேரும். அது வெளியேறச் சட்டத்தில் துளைகள் உண்டு. அவை அடைபட்டால் நீர் வீட்டுக்குள் வழியும். புழுதி மிகுந்த இந்த ஊரில் துளைகள் சீக்கிரம் அடையும். ஐப்பசிக்கு முன் குழியைத் துடைத்து, ஒரு குவளை நீர் ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடற்காற்று கிழக்கேயிருந்து வருகிறது. பருவமழைச் சாரலும் வடக்கு, கிழக்குப் பக்கங்களிலேயே அதிகம் அடிக்கிறது. ஆகவே வீட்டின் சிறந்த ஜன்னல் கிழக்கிலும் வடக்கிலும் இருக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் கேஸ்மென்டை அங்கே வைத்து, மற்ற பக்கங்களுக்கு ஸ்லைடிங் வைக்கலாம். கேஸ்மென்ட் கதவை இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் அகலப்படுத்த வேண்டாம். பாரத்தில் கீல் தொங்கிவிடும்.

நெடுஞ்சாலை இரைச்சல்

குடியிருப்புப் பகுதிக்கு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000 வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவெல்லாம் சரக்கு லாரி ஓடும் நெடுஞ்சாலையோரம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒலி சிறு இடுக்கிலும் நுழையும் என்பதால் முதல் தீர்வு இடுக்கில்லாமல் சாத்தும் கேஸ்மென்ட். இரண்டாவது லேமினேட்டட் கிளாஸ். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் படலம் ஒட்டிய இது அதிர்வை அடக்கும். உடைந்தாலும் சிதறி விழாது. ஒரே கனமுள்ள இரண்டு கண்ணாடிகள் வைத்த டபுள் கிளாஸ் லாரி என்ஜினின் தாழ்ந்த உறுமலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. டபுள் கிளாஸே வேண்டுமென்றால் ஒன்றை 6 மி.மீ., மற்றதை 4 மி.மீ. என்று கனம் மாற்றிச் சொல்லுங்கள். சாலையையோ ரயில் பாதையையோ பார்த்த படுக்கையறைக்கு மட்டும் இந்தச் செலவு போதும். குழந்தைகள் புழங்கும் தாழ்ந்த ஜன்னலுக்கு வலுவூட்டிய டஃபன்டு கிளாஸாவது இருக்கட்டும்; அதில் ஐஎஸ் 2553 முத்திரையைப் பாருங்கள்.

கிரிலும் கொசுவலையும்

பழைய மர ஜன்னலில் கம்பி நிலையோடு சேர்ந்தே இருக்கும். நிலையை எடுத்தால் கம்பியும் போய்விடும். புதிய கிரிலின் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடிங்கில் கிரிலை வெளியே வைத்து, மூன்று தண்டவாளச் சட்டம் எடுத்து, மூன்றாவதில் கொசுவலைக் கதவை ஓட்டலாம். வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்டுக்குக் கிரிலை உட்புறம் வைக்க வேண்டும். வலைக்கதவு அதற்கும் உள்ளே வரும். கம்பிக்குள் கையை விட்டுக் கதவைச் சாத்த வசதி இருக்கிறதா என்று ஆர்டருக்கு முன்பே பாருங்கள். வலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது. கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். புழுதி அடைத்த வலை காற்றைப் பாதியாக்கிவிடும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஜன்னலின் கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கும்.

பொருத்தும் வேலை

நல்ல ஜன்னலைக் கெட்ட கைவேலை பாழாக்கிவிடும். மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. பழைய நிலை உறுதியாக இருந்தால் அதையும் கம்பியையும் அப்படியே விட்டு, ஒன்பது அங்குலச் சுவரில் மீதமிருக்கும் ஆழத்தில் புதிய ஜன்னலைப் பொருத்தலாம். தூசி இல்லை, பூச்சுவேலை இல்லை, கிரில் செலவும் மிச்சம். நிலையில் கரையான் இருந்தால் இந்த வழிக்குப் போகவே கூடாது. நிலையை அறுத்தெடுத்து, கரையான் மருந்தடித்து, ஓரங்களைச் சிமென்டால் நேர்ப்படுத்தி, பூச்சு காய்ந்த பிறகு அளவெடுக்க வேண்டும். பூசும் முன் எடுத்த அளவை நம்பி ஜன்னல் செய்தால் ஒரு பக்கம் ஒன்றரை அங்குல இடைவெளி வரும். அதைச் சிலிக்கோனால் மறைப்பார்கள். முதல் மழையிலேயே ஒழுகும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். வெயிலில் விரியும் சட்டத்துக்கு அது மூச்சுவிடும் இடம். மூலையிலிருந்து அரையடிக்குள் ஒரு ஃபாஸ்ட்னர், பிறகு இரண்டு அடிக்கு ஒன்று என்று சுவருக்குள் ஆழமாக இறக்க வேண்டும். இடைவெளியைச் சட்டத்தோடு சிமென்ட் வைத்து இறுக்கக் கூடாது. உள்ளே ஃபோமும் வெளியே மழை தாங்கும் சிலிக்கோனும் நிரப்ப வேண்டும். அடிக்கல் கிரானைட்டாக இருந்தாலும் சிமென்டாக இருந்தாலும் வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஒழுகும் ஜன்னல்களில் பெரும்பாலானவற்றில் நீர் வருவது சட்டத்தின் வழியே அன்று, சுவர் இணைப்பின் வழியே.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் நான்கு சோதனைகள் செய்யுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். கேஸ்மென்ட் கதவில் காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தால் சுற்றிலும் அது இறுகப் பிடிக்க வேண்டும். ஸ்லைடிங் கதவு பூட்டிய நிலையில் மேலே தூக்கினால் கழன்றுவரக் கூடாது. தோட்டக்குழாயால் பத்து நிமிடம் வெளியிலிருந்து நீர் அடித்தால் உட்சுவர் நனையக் கூடாது. சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பையும் அன்றே உரித்துவிடச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்தால் பிறகு வராது.

விலைப்பட்டியலை வாசிப்பது

சட்டம் தயாரிக்கும் கம்பெனி வேறு, அதை வெட்டி ஒட்டி ஜன்னலாக்கும் ஃபேப்ரிகேட்டர் வேறு. ஒரே கம்பெனிச் சட்டத்தை ஒருவர் இரும்பு வைத்துச் செய்வார், இன்னொருவர் இல்லாமல் செய்வார்; இரண்டிலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும். ஆகவே சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. சட்டத்தின் பெயரும் வரிசையும், வெளிச்சுவர்க் கனம், இரும்பின் கனம், கண்ணாடியின் வகையும் கனமும், கீல், பூட்டு, ரோலரின் உலோகம், வலை, பழைய ஜன்னலை எடுக்கும் கூலி, பூச்சுவேலை யார் பொறுப்பு, வண்டி வாடகை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். மூன்று பேரிடம் அப்படி வாங்கினால் விலை வித்தியாசத்தின் காரணம் தானே புரியும். சட்டத்துக்கான உத்தரவாதத்தைக் கம்பெனியும் பொருத்தியதற்கான உத்தரவாதத்தை ஃபேப்ரிகேட்டரும் தர வேண்டும். இரண்டும் தனித்தனியே எழுத்தில் இருக்கட்டும். பணத்தில் ஒரு பங்கை நீர்ச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஜன்னல் போட்ட வீடு ஒன்று இதே வட்டாரத்தில் இருந்தால் மழைநாளில் போய்ப் பாருங்கள்.

பராமரிப்பு எளிது. ஆலைப் பக்கத்து வீடுகளில் காற்றில் வரும் இரும்புத்தூள் வெள்ளைச் சட்டத்தில் படிந்து பழுப்புப் புள்ளியாகலாம். மெல்லிய சோப்பு நீரால் அடிக்கடி துடைத்தால் தங்காது. தின்னர், பெட்ரோல், தேய்ப்பு நார் எதுவும் வேண்டாம், மேற்பரப்பு கெட்டுவிடும்.

செலவின் வரிசை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்தின் பணம் போக வேண்டிய வரிசை தெளிவாகிறது. முதலில் சட்டத்துக்குள் முழு இரும்பும் துருப்பிடிக்காத கீலும். அடுத்தது முறையாகப் பொருத்தும் கைவேலை. மூன்றாவது மேற்குப் பக்கத்துக்கு வெளி நிழல். நான்காவது கிழக்கு, வடக்குப் பக்கங்களுக்குக் கேஸ்மென்ட். ஐந்தாவது சாலையோரப் படுக்கையறைக்கு லேமினேட்டட் கிளாஸ். இதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் டபுள் கிளாஸும் மரநிறமும் பெரிய பெயரும்.

எல்லா ஜன்னலையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. மழை அடிக்கும் பக்கத்தில் இரண்டு ஜன்னலை இந்த ஆண்டு ஆடிக்குள் தரமாக மாற்றுங்கள். ஒரு பருவமழை அவற்றைச் சோதித்துக் காட்டட்டும். அந்த ஃபேப்ரிகேட்டரின் வேலை நிலைத்தால் மீதியை அவரிடமே கொடுக்கலாம். நிலைக்காவிட்டால் இழப்பு இரண்டு ஜன்னலோடு நிற்கும்.